போர்ட்டிகோவுக்கு அடியில் செப்டிக் டேங்க், கட்டிய நாளிலிருந்து திறக்கவில்லை. ஆளை இறக்கலாம் என்கிறார்கள், என்ன செய்வது?

வேலந்தாவளம்_வீடு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீடு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்து வேலந்தாவளம் பக்கம், செக்போஸ்ட்டிலிருந்து கூப்பிடு தூரம். 2009இல் கட்டியது. அன்றிலிருந்து இன்றுவரை செப்டிக் டேங்கை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. வீட்டில் ஐந்து பேர். பொங்கலுக்குச் சொந்தக்காரர்கள் வந்து பத்து நாள் தங்கிப் போனதிலிருந்து கோளாறு. கக்கூஸில் தண்ணீர் ஊற்றினால் உடனே இறங்குவதில்லை, 'களக் களக்' என்று சத்தம் வருகிறது, கீழ் பாத்ரூமில் எந்நேரமும் வாடை. டேங்க் கட்டிய மேஸ்திரி தவறிவிட்டார். போர்ட்டிகோவுக்கு அடியில்தான் இருக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்கிறார். அதன்மேல் டைல்ஸ் ஒட்டி எட்டு வருடம் ஆகிறது.

நேற்று ஒருவர் வந்து பார்த்தார். "லாரியெல்லாம் எதுக்குங்க, ரெண்டு பசங்கள இறக்கி வாளியில அள்ளிடலாம், பின்னாடி தென்னைக்கு அடியில குழி வெட்டிப் புதைச்சா மரத்துக்கு உரம், பாதிக் காசுல முடிஞ்சிடும்" என்றார். வீட்டுக்காரர் சரி என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்_கிணத்தடி:

அக்கா, அந்த ஆளுக்கு இன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

எங்கள் மாமா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். குழித்துறைக்குப் பக்கம். டேங்கில் முக்கால்வாசியை மேலே நின்றே வாளி கட்டி இறைத்தாகிவிட்டது. குழாய் வாயில் ஏதோ துணி அடைத்திருக்கிறது என்று வேலைக்கு வந்தவர் ஏணி வைத்து இறங்கினார். ஆழம் ஆறடிதான், கையைத் தூக்கினால் வெளியே தெரியும். துணியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். இழுத்த கையோடு சுவரில் சாய்ந்து, களைத்துப்போன மாதிரி மெதுவாக உட்கார்ந்தார். ஒரு சத்தம் இல்லை. "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டபடியே மாமா மகன் ஏணியில் கால் வைத்துவிட்டான். பக்கத்து வீட்டு அம்மச்சி ஓடிவந்து அவன் இடுப்பைக் கைலியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "நீயும் செத்துப்போவ மக்கா" என்று கத்தினார். அவன் திமிறியும் விடவில்லை. தீயணைப்பு வண்டி வந்து, முதுகில் சிலிண்டர் கட்டிய ஒருவர் இறங்கித்தான் அவரைத் தூக்கினார்கள்.

உயிர் இருந்தது. ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் பழைய ஆளாக இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே என்ன பேசினோம் என்று மறந்துவிடுகிறார். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மாமா இன்றும் அந்தக் குடும்பத்துக்கு மாதாமாதம் பணம் கொடுக்கிறார். கொடுத்துத் தீருகிற கடனா அது?

ஓய்வு_ஹெல்த்_இன்ஸ்பெக்டர்:

மேலே எழுதிய தம்பி சொன்னதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். துணியை இழுத்த பிறகுதான் அவர் விழுந்திருக்கிறார். அடியில் படிந்த கசடும் தண்ணீர்மேல் படிந்த ஏடும் கலங்காமல் இருக்கும்வரை வாயு உள்ளேயே அடங்கிக் கிடக்கும். கலக்கியதும் குபீரென்று வெளியே வரும். ஹைட்ரஜன் சல்பைடு என்ற அந்த வாயு அழுகிய முட்டை மாதிரி நாறும், காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியில் தேங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது. காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவிலேயே இது நடக்கும். "மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் போட்டோம், நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்" என்று சொல்லி எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். நாற்றம் தெரியவில்லை என்றால் ஆபத்து இல்லை என்று அர்த்தமே கிடையாது. மெழுகுவர்த்தி இறக்கிப் பார்ப்பதும் கூடாது. விளக்கு எரிந்தால் ஆக்சிஜன் இருக்கிறது என்று மட்டும்தான் தெரியும், விஷவாயுவை அது காட்டாது. உள்ளே மீத்தேன் இருந்தால் வெடித்துவிடும். மூடி திறந்திருக்கும் நேரத்தில் பக்கத்தில் பீடி சிகரெட்கூட வேண்டாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் செப்டிக் டேங்கில் ஆளை இறக்கி வேலை வாங்க யாருக்கும் உரிமை இல்லை. 'யாருக்கும்' என்பதில் வீட்டின் சொந்தக்காரரும் அடக்கம். முதல் தடவை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் விட முடியாத குற்றம். "காண்டிராக்ட் விட்டேன், ஆளை அவர்தான் இறக்கினார்" என்று சொல்லித் தப்ப முடியாது, மறைமுகமாக அமர்த்துவதையும் சட்டம் சேர்த்தே சொல்கிறது. சாக்கடைக் குழியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் தீர்ப்பளித்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தனை வருடச் சர்வீஸில் இந்த வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து, எந்தச் சாதியிலிருந்து ஆள் கூப்பிட்டார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மாறவே இல்லை. நம் வீட்டுப் பிள்ளையை இறக்க மாட்டோம் அல்லவா? அந்தப் 'பசங்களும்' ஒரு வீட்டுப் பிள்ளைகள்தான்.

அந்த அம்மச்சிக்கு என் வணக்கம். 2015இல் கோழிக்கோட்டில் பாதாளச் சாக்கடைக்குள் விழுந்த இரண்டு தொழிலாளர்களைக் காப்பாற்ற வழியில் போன ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் இறங்கினார். மூன்று பேரும் இறந்தார்கள். யாராவது உள்ளே மயங்கி விழுந்தால் இறங்காதீர்கள். 101 அல்லது 112க்குக் கூப்பிடுங்கள், பக்கத்தில் நிற்பவர்களைப் பிடித்து வையுங்கள்.

வேலந்தாவளம்_வீடு:

ரொம்ப நன்றி. இரண்டு பதிலையும் வீட்டுக்காரருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். பேசாமல் எழுந்து போய் அந்த ஆளுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது லாரிதான். ஆனால் டேங்க் எங்கே என்றே தெரியாமல் டைல்ஸை எங்கே உடைப்பது?

டேங்கர்_ஓட்டுநர்:

சகோதரி, செப்டிக் லாரி ஓட்டி எனக்கு 18 வருடம் ஆச்சுங்க. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் வீட்டைச் சுற்றி வந்து வென்ட் பைப்பைத் தேடுங்க. சுவரை ஒட்டி மேலே போகிற, வேறு எதோடும் சேராத பிவிசி பைப் இருக்கும். அதன் அடி டேங்கில்தான் இருக்கும். அப்புறம் கக்கூஸிலிருந்து வெளியே வருகிற நாலு அங்குலப் பைப் எந்தப் பக்கம் போகிறதென்று பாருங்க, பெரும்பாலும் நேர்க்கோட்டில்தான் போயிருக்கும். அந்த வழியில் இரும்புக் கம்பியால் டைல்ஸைத் தட்டிக்கொண்டே போங்க. மண்மேல் ஒட்டிய டைல்ஸ் 'தொக்' என்று கேட்கும், ஸ்லாப் மேல் இருந்தால் 'டங்' என்று எதிரொலிக்கும். பழைய போட்டோ இருந்தால் அதையும் பாருங்க. ஒரு வீட்டில் கிரகப்பிரவேச ஆல்பத்தில் பந்தக்காலுக்குப் பின்னால் மூடி தெரிந்தது, நேராகப் போய் உடைத்தோம்.

மூடி ஒன்றாக இருக்காது. நல்ல டேங்கில் நடுவே தடுப்புச் சுவர் இருக்கும், இரண்டு அறை, இரண்டு மூடி. முதல் அறையில்தான் கசடு அதிகம். ஒரு மூடியை மட்டும் திறந்து தண்ணியை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. லோடு கணக்குதானே, தண்ணி சீக்கிரம் ஏறும். ஆனால் உங்களுக்கு எடுக்க வேண்டியது அடியில் களிமண் மாதிரி படிந்த கசடு. நாங்கள் முதலில் மேல்தண்ணியை எடுத்து, அதிலேயே கொஞ்சத்தை ஓஸ் வழியாகத் திருப்பிவிட்டு, மேலே நின்றே நீளக் கழியால் கலக்கி, கூழாக்கி இழுப்போம். அதைச் செய்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்க. உள்ளே யாரும் இறங்கத் தேவையே இல்லை. "கொஞ்சம் இறங்கினாத்தான் முடியும்" என்று சொன்னால் அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்க. அடியில் இரண்டு விரக்கடை கசடு கிடந்தால் கிடக்கட்டும், அதில் உள்ள நுண்ணுயிர்தான் அடுத்த வேலையைத் தொடங்கும். கழுவி விட வேண்டாம்.

கூப்பிடும்போதே கேளுங்க: வண்டி எத்தனை லிட்டர், லோடுக்கு எவ்வளவு, ஓஸ் எத்தனை அடி, ரோட்டிலிருந்து டேங்க் எவ்வளவு தூரம். கடைசியாக, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்று. இதை யாரும் கேட்பதே இல்லை. ஆரம்ப வருடங்களில் ராத்திரி ஓடையில் திறந்துவிட்டவன் நானும்தான். எல்லை தாண்டிவிட்டால் இந்தப் பக்கமும் கேட்க ஆள் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை என்று இருந்தது. ஒரு நாள் விடியக்காலையில் நான் கொட்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு அம்மா துணி அலசிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்றோடு விட்டேன். தமிழ்நாட்டில் இருப்பவர்கள் லைசென்ஸ் உள்ள வண்டிதானா என்று கேளுங்க, 14420க்கு அடித்தால் வழி சொல்வார்கள். உங்கள் பக்கம் கேரளம் என்பதால் பஞ்சாயத்து ஆபீஸில் எந்த வண்டிக்கு அனுமதி, எங்கே சுத்திகரிப்பு நிலையம் என்று கேட்டுக்கொள்ளுங்க.

குமுளி_ஏலத்தோட்டம்:

நடுவில் ஒரு கேள்வி. பாக்டீரியா பவுடர் என்று விற்கிறார்கள், மாதம் ஒரு பாக்கெட் போட்டால் டேங்கைச் சுத்தம் செய்யவே வேண்டாமாம். செத்த கோழியைப் போட்டால் போதும் என்றும் இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையா? எங்களுக்கு மலைச்சரிவு, வாசல்வரை லாரி ஏறாது.

ஓய்வு_ஹெல்த்_இன்ஸ்பெக்டர்:

இரண்டுமே வேண்டாம் அம்மா. நம் வயிற்றிலிருந்து போகிற கழிவிலேயே வேண்டிய நுண்ணுயிர் கோடிக்கணக்கில் இருக்கிறது. அவை எவ்வளவு தின்றாலும் செரிக்காத மிச்சம் அடியில் சேர்ந்துகொண்டேதான் இருக்கும், அதை எந்தப் பவுடரும் மாயமாக்காது. அந்த நுண்ணுயிரைக் கொல்லாமல் இருந்தாலே போதும். தினமும் ஆசிட், பினாயில், பிளீச்சிங் என்று ஊற்றினால் உள்ளே கசடு செரிக்காமல் அப்படியே கிடக்கும். நாப்கின், குழந்தைகளின் டயப்பர், தலைமுடி, சமையலறை எண்ணெய் எதுவும் கக்கூஸ் வழியாகப் போகக் கூடாது. லாரி ஓஸ் அடைபடுவதும் பெரும்பாலும் நாப்கினால்தான்.

சரிவில் இருப்பவர்கள் ரோட்டிலிருந்து டேங்க் வரை உள்ள தூரத்தை முதலில் நாடா வைத்து அளந்துகொள்ளுங்கள். ஓஸைக் கூடுதலாக இணைத்துக் கொண்டுவரும் வண்டிகள் உண்டு. புதிதாகக் கட்டுவதாக இருந்தால் இரட்டைக் குழி பற்றி யோசியுங்கள். ஒரு குழி நிறைந்ததும் அடுத்ததுக்கு மாற்றிவிட்டு, முதல் குழியை இரண்டு வருடம் மூடி வைத்தால் மட்கி மண்ணாகிவிடும். தென்னைக்குப் போடலாம் என்பது அப்படி மட்கியதைத்தான். பச்சைக் கசடைப் போட்டால் அதில் குடற்புழு முட்டை மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், வெறுங்காலோடு மண்வெட்டி பிடிப்பவருக்கும் அங்கே விளையாடும் பிள்ளைக்கும் ஒட்டும்.

பாறசாலை_ரோடு:

எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கிணறு, வீட்டுக்கு வீடு கக்கூஸ் குழி, எல்லாம் ஐந்து சென்ட் மனையில். பலரும் செப்டிக் டேங்க் என்று சொல்வது உண்மையில் டேங்கே இல்லை. உறை இறக்கி, அடியில் கான்கிரீட் போடாமல் விட்ட வெறும் குழி. அது 'நிறையவே இல்லை' என்று பெருமையாகச் சொல்வார்கள். நிறையாத தண்ணீர் எங்கே போகிறது? கிணற்றுக்கு. கேரளப் பஞ்சாயத்துக் கட்டட விதிப்படி குடிநீர்க் கிணற்றிலிருந்து குழி 7.5 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 2470, கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடம் கிணற்றுக்கு 18 மீட்டர் தள்ளி இருக்கச் சொல்கிறது. நம் கிணறு நம் குழிக்குத் தள்ளி இருந்தாலும் மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் குழி இருக்கும், அதையும் அளக்க வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரை லேபில் கொடுத்தபோது, கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கோலிபார்ம் கிருமி இருந்தது. பார்க்கக் கண்ணாடி மாதிரி இருந்த தண்ணீர். இப்போது கொதிக்க வைக்காமல் யாரும் வாயில் வைப்பதில்லை, 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, தெளிந்ததை மட்டும் கிணற்றில் ஊற்றுகிறோம்.

இன்னொன்று, மழைக்காலத்தில் டேங்கைக் காலி செய்யாதீர்கள். இடவப்பாதி மழையில் எங்கள் சித்தப்பா காலி செய்தார். மறுநாள் பார்த்தால் மறுபடி முக்கால் டேங்க் தண்ணீர். லாரிக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனார், பாவம் அவர் மேல் தப்பில்லை. ஊற்று மட்டம் மேலே இருந்ததால் விரிசல் வழியாக உள்ளே வந்துவிட்டது. பிளாஸ்டிக் டேங்காக இருந்தால் காலி செய்ததும் நிலத்தடித் தண்ணீர் தூக்கி மிதக்கவே விட்டுவிடும். மாசி, பங்குனிதான் சரியான காலம்.

வேலந்தாவளம்_வீடு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். வேலை முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

ஓட்டுநர் அண்ணன் சொன்ன மாதிரியே வீட்டுக்காரர் கடப்பாரையால் தட்டிக்கொண்டே போனார். போர்ட்டிகோவின் இடது ஓரம், துளசி மாடத்துக்கு இரண்டடி தள்ளி, சத்தம் மாறியது. நாலு டைல்ஸ்தான் உடைக்க வேண்டி வந்தது. பஞ்சாயத்தில் கேட்டு எண் வாங்கிய வண்டி காலை எட்டு மணிக்கு வந்தது. ஸ்லாப்பைக் கம்பி போட்டு நெம்பித் தூக்கியபோது அதன் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். கான்கிரீட் பொரிந்து கம்பி வெளியே துருத்திக்கொண்டு, தொட்டால் செதில் செதிலாக உதிர்ந்தது. அதன்மேல்தான் எட்டு வருடம் கார் நிறுத்தினோம், என் மகள் சைக்கிள் பழகினாள். அதை நினைத்து அன்று ராத்திரி தூங்கவில்லை. புது ஸ்லாப் வார்த்தாகிவிட்டது, கார் இப்போது தெருவில்தான் நிற்கிறது.

உள்ளே மேலே ஒரு சாண் கனத்துக்குக் காய்ந்த தோல் மாதிரி ஏடு, பழுப்பு நிறம், விரிசல் விட்டிருந்தது. வண்டியில் வந்தவர் ஒரு நீள மூங்கில் கழியின் நுனியில் வெள்ளைத் துணியைச் சுற்றி, ஏட்டைக் குத்தி அடிவரை இறக்கி, கொஞ்ச நேரம் நிறுத்தி மெதுவாக எடுத்தார். துணியில் கீழிருந்து கிட்டத்தட்ட மூன்றடி உயரத்துக்குக் கரிய சேறு ஒட்டியிருந்தது, அதற்கு மேல் வெறும் ஈரம். டேங்கில் தண்ணீர் நிற்கிற ஆழமே நாலரை அடிதானாம். மூன்றில் ஒரு பங்கு கசடு சேர்ந்தாலே எடுத்துவிட வேண்டும், அதற்குத்தான் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை என்பது, நீங்கள் ரொம்பத் தாமதம் என்றார். இரண்டு மூடியும் திறந்தார்கள், கலக்கி எடுத்தார்கள், யாரும் இறங்கவில்லை. இரண்டு லோடு போனது. முடிந்ததும் டேங்கைச் சும்மா விடாமல் தண்ணீர் நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினோம்.

ஒரு விஷயம்தான் புரியவில்லை. டேங்க் பாதி காலியானபோது, டேங்க் தண்ணீர் மண்ணில் இறங்குகிற குழியான சோக்பிட் பக்கம் போகிற பைப்பிலிருந்து கறுப்புத் தண்ணீர் டேங்குக்குள் திரும்பி ஊற்றியது, ஐந்து நிமிடம் போல. அது ஏன்?

டேங்கர்_ஓட்டுநர்:

நல்ல வேளை கவனித்தீங்க. சோக்பிட் அடைத்துவிட்டது என்று அர்த்தம். டேங்கில் கசடு எடுக்காமலே விட்டதால் அது தண்ணியோடு சேர்ந்து சோக்பிட்டுக்குப் போய், கல்லுக்கும் மண்ணுக்கும் நடுவே சந்து சந்தாகப் பூசிக்கொண்டது. தண்ணி இறங்க வழியில்லை, அதனால் அங்கேயே நின்று, டேங்க் மட்டம் இறங்கியதும் திரும்பி வந்திருக்கு. வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பல இடத்தில் கரிசல் மண், நனைந்தால் உப்பி இறுகிவிடும், முன்னமே மெதுவாகத்தான் உறிஞ்சும். இப்போது டேங்க் சுத்தமாக இருப்பதால் கொஞ்ச நாள் நன்றாக ஓடும், அப்புறம் மறுபடி களக் களக் சத்தம் வரும். அதற்குள் வெயில் காலத்திலேயே தள்ளி ஒரு இடத்தில் புது சோக்பிட் அகலமாக எடுத்துவிடுங்க. குளியல் தண்ணியும் வாஷிங் மெஷின் தண்ணியும் டேங்குக்கு வருகிறதா? வந்தால் அதைப் பிரித்து வாழைக்கு விடுங்க, பாதிச் சுமை குறையும்.

வேலந்தாவளம்_வீடு:

ஆமாம் அண்ணா, எல்லாமே டேங்குக்குத்தான் போகிறது. பிளம்பரை வரச் சொல்லியிருக்கிறேன். வாழை நாலு கன்று வாங்கியாச்சு. வென்ட் பைப் தலையில் கொசுவலை இல்லை என்று வண்டிக்காரர் காட்டினார், அதையும் கட்டிவிட்டோம்.

டேங்க் மூடிக்கு மேல் டைல்ஸ் ஒட்டவில்லை, தூக்கி வைக்கிற மாதிரி இரண்டு வளையம் வைத்து வார்க்கச் சொன்னேன். கரண்ட் மீட்டர் பெட்டிக்குள் பெயின்டில் சுத்தம் செய்த தேதியையும், சுவரிலிருந்து மூடி எத்தனை அடி என்பதையும் வீட்டுக்காரர் எழுதி வைத்திருக்கிறார். அதற்குக் கீழே மகள், 'இங்கே யாரையும் இறக்கக் கூடாது' என்று எழுதியிருக்கிறாள்.